ஈரத்தாள்

உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு வெள்ளைத் தாளைத் தண்ணீரில் நனைத்து விரித்தார். குருவம்மாளின் டீக்கடை டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை டீத்தூளை எடுத்து அதன்மேல் தூவினார். தூளைச் சுற்றிச் சிவப்பு கசிந்து பரவியது.

“சாயம்” என்றார்.

“எனக்குத் தெரியாதுங்க சார். எம் புள்ளைங்க மேல சத்தியமா தெரியாது.”

“தெரிஞ்சு வித்தீங்களா, தெரியாம வித்தீங்களான்னு சட்டம் கேக்காதும்மா. வித்திருக்கீங்க. அது போதும்.”

படிவத்தில் பெயர், முகவரி, எடுத்த தூளின் எடை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தெரியுமா என்பதற்கு இல்லை. குருவம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

ஜீப் கிளம்பியதும், தினமும் அங்கே டீ குடிக்கும் ஆட்டோக்காரர் காஜா பக்கத்தில் வந்தார்.

“விடுக்கா. சட்டம் கேக்காட்டி போவுது, எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சிருந்தா நீ எங்களுக்கு ஊத்தியிருப்பியா?”

பெஞ்சில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். இந்தத் தூள் வந்த இரண்டு மாதமாக, பாதிக் கரண்டியிலேயே டீ செக்கச்செவேல் என்று இறங்கியது. தூள்காரனிடம் காரணம் கேட்க வாயெடுத்து, குருவம்மாள் கேட்காமலே விட்டிருந்தாள்.

“பாவம், ஒம் புள்ளைங்களும் இதத்தான குடிச்சிருக்கும்” என்றார் காஜா.

குருவம்மாள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். பிள்ளைகளுக்கு டீயை நிறுத்திப் பால் கொடுக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. ஏன் நிறுத்தினோம் என்று அவள் இப்போதுதான் யோசித்தாள்.