செவலையின் கழுத்துப்பட்டி

ஆடுகள் மேய்ந்து மேய்ந்து அந்தத் தீவையே மொட்டையாக்கிவிட்டன. மிச்சமிருந்த செடிகளைக் காப்பாற்ற மனிதர்கள் ஹெலிகாப்டரில் வந்து ஆடுகளைச் சுட்டார்கள். செவலை என்ற பெட்டையாட்டை மட்டும் பிடித்து, எங்கே போனாலும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பட்டியைக் கழுத்தில் மாட்டி விட்டார்கள்.

செவலைக்குத் தனியாக இருப்பதென்றால் உயிரே போய்விடும். மோப்பம் பிடித்துப் போய் ஒரு கூட்டத்தோடு சேர்ந்தது. மறுநாளே ஹெலிகாப்டர் வந்தது. செவலையைத் தவிர எல்லாம் செத்தன. அடுத்த கூட்டத்திலும் அதே கதை. அப்போதே அதற்குப் பட்டியின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் தேடுவதை நிறுத்தவில்லை.

ஒரு குகைக்குள் அதன் அக்கா இரண்டு குட்டிகளோடு ஒளிந்திருந்தது.

"அடியே, நீ சாகலையா? கழுத்துல நகையெல்லாம் பலமா இருக்கு!"

"ரெண்டு தடவையும் என்னை மட்டும் சுடலக்கா."

"அப்போ நீ ராசிக்காரிடி! பிள்ளைகளா, சித்தி பக்கத்துலயே நில்லுங்க. எங்களை விட்டுப் போயிடாதடி."

குட்டிகள் வந்து ஒட்டிக்கொண்டன. அந்தச் சூடு சுகமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட செவலை வாயைத் திறந்தது. சொன்னால் துரத்திவிடுவார்கள், மறுபடியும் தனியாக அலைய வேண்டும்.

"போகமாட்டேன்க்கா" என்றது.

கடல் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. பயந்துபோன குட்டிகள் சித்தியின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டன.