பங்கு வைத்த மாத்திரை

"எனக்க மேல கேசு போட்டாலும் சரி டாக்டரே." என்றாள் எலிசா. "முடக்குவாத ஆராய்ச்சிக்கு நீங்க தந்த மாத்திரையில பாதியை, மயிலாடியில கெட்டிக்குடுத்த தங்கச்சி பிரீனாவுக்குக் குடுத்தேன். அவளுக்கும் இதே நோவுதான்."

"எதுக்கு குடுத்தீங்க?"

"மாத்திரை தின்ன பெறவு எனக்கு விரல் மடங்கி, தேங்கா திருவ முடிஞ்சுது. அதைப் பாத்து அவ அழுதா. இப்போ அவ உண்டாயிருக்கா."

டாக்டரின் முகம் மாறியது. கர்ப்பிணிகள் தொடவே கூடாத மருந்து, பிள்ளை ஊனமாய்ப் பிறக்கும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார். உடனே ஆராய்ச்சியை நடத்தும் சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டார். எலிசா மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டு, வேதாகமத்தில் தெரிந்த சங்கீதத்தையெல்லாம் முணுமுணுத்தாள்.

போனை வைத்துவிட்டு டாக்டர் நெற்றியைத் துடைத்தார்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகப் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் குடுப்போம். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது, சென்னையிலதான் தெரியும். உங்களுக்கு வந்தது வெறும் மாத்திரை."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று கண்ணீரோடு எழுந்த எலிசா, பையைத் தூக்கப் போனாள்.

விரல்கள் மடங்கவில்லை.