பீலித் தவளைகள்

"இன்னைக்கும் தவளையா?"

முதுகுக் கூடையைக்கூட இறக்காமல் பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தினாள் காளியாயி. பகல் வரை பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு நேரே வந்திருந்தாள். காலில் அட்டைக்கடி, தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

சோலைமலை வாத்தியார் நாற்காலியைவிட்டு எழவில்லை. எழுந்திருக்கத் தெம்பு இருந்தால்தானே. ஒரே அறை, ஐந்து வகுப்பு, எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"உள்ளுக்கு வாம்மா. நனையாத."

"நான் நனையறது கெடக்கட்டும். மூணு வாரமா எம்மக ராக்காயி கொப்பியில தவளையத் தவிர ஒண்ணுமில்லையாமே? கணக்கு இல்ல, வாய்ப்பாடு இல்ல. விடிஞ்சா பீலிக்கு ஓடறா. தண்ணி புடிக்கத்தான் போறான்னு பாத்தா, குந்திக்கிட்டுத் தவளைய எண்ணிக்கிட்டு இருக்கா!"

"பொஸ்தகத்துல இருக்கிற பாடம்தாம்மா. வாசிச்சா மட்டும் பத்தாது. கண்ணால பாத்து எழுதணும்."

"தவளைய என்னத்தப் பாக்க?"

"பின்னங்கால் ஏன் நீளம், வெரலுக்கு நடுவுல ஏன் சவ்வுன்னு எவ்வளவோ இருக்கு. தவளை வாயால தண்ணி குடிக்காது, தெரியுமா? தோலாலதான் குடிக்கும். தண்ணி கெட்டா அதுதான் மொதல்ல சாவும்."

"ரொம்ப முக்கியம்! எம்மவன் வாயாலதான் குடிக்கிறான். குடிச்சிட்டுப் பத்து நாளா வயித்தால போயி, ஆயாகிட்ட புள்ளக்காம்பராவுல துணி மாதிரி கெடக்கறான்."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் குடிதண்ணீர் பீலிக் குழாயில் விழுகிற தண்ணீர்தான். அது வரும் ஓடையில், மேலே, தேயிலைக்கு மருந்தடிக்கிற பீப்பாய்களைக் கழுவினார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் உத்தரவு. வேறு இடத்துக்கு உருட்டிப் போனால் வேலை நேரம் வீணாகிறதாம்! டவுன் அரசாங்க டாக்டருக்குப் புகார் சொல்லி ஒரு பெட்டிசம் எழுதித் தரச் சொல்லி லயமே திரண்டு வந்து வாத்தியாரிடம் கேட்டது. அவர் முடியாது என்றுவிட்டார்.

"நாங்க கைநாட்டு வைக்கிறோம், நீங்க எழுத மட்டும் செய்யுங்கன்னு கால்ல விழாத கொறையாக் கேட்டோமே. எழுதுனீங்களா?"

"லயத்து ஆளுங்களுக்கு எழுதிக் குடுக்கிறவன் நான் ஒருத்தன்தான். என் கையெழுத்து கண்டாக்கையாவுக்கு நல்லாத் தெரியும். மறுநாளே வேலையும் போயிரும், இருக்கிற வீடும் போயிரும். எனக்கும் மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்கு தாயி."

"அதனால தவளையக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரு வந்து முதுகத் தட்டிக் குடுப்பாருல்ல!"

"வர்ற திங்கக்கெழமை வாராரு. கட்டுரைக் கொப்பியத்தான் பாப்பாரு. அது வரைக்கும் ராக்காயிய ஒரு நாளும் நிப்பாட்டிராதம்மா."

"தொடைநடுங்கி!" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள் காளியாயி. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ம், எழுதுங்க" என்றார் பிள்ளைகளிடம்.

சொன்னபடி திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். இருபத்திரண்டு கொப்பிகள் மேசையில் இருந்தன. முதல் கொப்பியை நின்றபடியே வாசித்தார். இரண்டாவதை உட்கார்ந்து வாசித்தார். பிறகு எல்லாவற்றையும் கட்டித் தன் காரில் வைத்துக்கொண்டார். வாத்தியாரிடம் நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் டவுனிலிருந்து அரசாங்க டாக்டர் வந்து இறங்கினார். பீலிக்கு மேலே ஏறிப் பார்த்தார், போத்தலில் தண்ணீர் பிடித்தார், புள்ளக்காம்பராவில் கிடந்த குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார். தோட்டத்துத் துரையோடு வெகுநேரம் பேசினார். மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் உத்தரவு வந்தது: ஓடைப்பக்கம் இனி ஒரு பீப்பாயும் போகக்கூடாது!

அன்று பகல் மகளைக் கூட்டிப்போகக் காளியாயி வந்தபோது, கண்டாக்கையா பள்ளிக்கூடத்துக்குள் நின்று உறுமிக்கொண்டிருந்தார்.

"பெட்டிசம் போட்டது நீர்தானே?"

"இல்லைங்கையா. டாக்டருக்கு நான் ஒரு வரி எழுதல. சத்தியமா."

கண்டாக்கையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதானே. உமக்கேது அவ்வளவு தைரியம்!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

காளியாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்டாக்கையாவே சொல்லிட்டாரு, கேட்டுக்கங்க. எந்த மவராசன் எழுதுனானோ, அவன் குடும்பம் நல்லா இருக்கணும். எம்மவன் நேத்துத்தான் கண்ணு முழிச்சுச் சிரிச்சான்."

"நாங்கதாம்மா எழுதுனோம்" என்றாள் ராக்காயி.

"என்னடி ஒளர்ற?"

"தவளைக் கட்டுரை. இன்ஸ்பெக்டரு ஐயா கொண்டு போனாருல்ல, அது. மொதல்ல எழுதிப் பாத்த தாளு எங்கிட்ட இருக்கு." பையிலிருந்து எடுத்து உரக்க வாசித்தாள்.

"எங்கள் பீலித் தவளை. தவளை தோலால் தண்ணீர் குடிக்கும். திங்கட்கிழமை ஒன்பது தவளைகளை எண்ணினேன். செவ்வாய்க்கிழமை மேலே மருந்துப் பீப்பாய் கழுவினார்கள். புதன்கிழமை இரண்டு தவளைகள். அவை நீந்தவில்லை. வியாழக்கிழமை ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீரைத்தான் என் தம்பியும் குடிக்கிறான்..."

காளியாயி வாத்தியாரைப் பார்த்தாள். இரண்டு கையும் தானாகக் கும்பிட்டன.

வாத்தியார் பதறிப்போய் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மெதுவா வாசி புள்ள. கண்டாக்கையா இன்னும் ரோட்டு வளைவு தாண்டல."