வழிவிட்ட பதினைந்து பேர்

இறுதிப் போட்டிக்கு வந்திருந்தவர்கள்: இரண்டு அணிகள், நடுவர், விளையாட்டு ஆசிரியர் அருமைராஜ், எல்லைக்கோட்டில் படுத்துக்கிடந்த ஒரு நாய். இருபத்திரண்டு கல்லூரிகள் முட்டி மோதிய ரக்பி கோப்பை அது. ஜெயித்த அணியின் கேப்டன்தான் அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்த வேண்டும் என்பது வழக்கம். போன வருடம் ஜெயித்தவன் மைதான அனுமதிக்கு அலைந்தே வருகைப்பதிவு குறைந்து, பரீட்சை எழுத முடியாமல் போனான். அதனால் இந்த முறை இரண்டு அணிகளும் தோற்கவே ஆடின.

கடைசி நிமிடத்தில் பந்து கேப்டன் இளவேந்தனின் கைக்கு வந்துவிட்டது. எதிரணி பதினைந்து பேரும் ஒதுங்கி நின்றார்கள்.

“போ மாப்ள, உனக்குன்னே ரோடு போட்டு வெச்சிருக்கோம்.”

பின்னால் திரும்பினான். சொந்த அணியில் பந்தை வாங்க ஒருவனும் கை நீட்டவில்லை. கீழே போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். முன்னால் வெறும் புல்லைப் பார்த்ததும் கால்கள் ஓடிவிட்டன; வெற்றிக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்த பிறகுதான் நின்றன.

அருமைராஜ் கோப்பையையும் அவனையும் விளையாட்டு அறைக்குள் அனுப்பினார்.

“இருபத்திரண்டு காலேஜுக்கும் லெட்டர் எழுதி முடிச்சிட்டுக் கதவத் தட்டுடா.”

“அடுத்த வருஷம் ஆட யாரும் வர மாட்டாங்க சார்.”

“அது எனக்கும் தெரியும்,” என்று அவர் கதவைச் சாத்தி வெளியே பூட்டினார்.