பனியுகத்தின் கடைசி ஓடு

பனியுகத்தில் வங்கக்கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பதை உலகத்துக்குச் சொல்லவே தான் பிறந்திருப்பதில் ஆய்வு மாணவன் பிரிட்டோவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த உண்மையோ கடலடிச் சேற்றில், மணலைவிடப் பொடியான உயிர்களின் ஓடுகளுக்குள் இருந்தது. ஓடுகள் பறந்துவிடும் என்பதால் ஆய்வகத்தில் ஃபேன் போடக்கூடாது. பக்கத்து மைக்ராஸ்கோப்பில் சீனியர் செண்பகவல்லி, ஒவ்வொரு ஓட்டையும் ஈரப் பிரஷ் நுனியில் “வாடா தங்கம்” என்று கொஞ்சித்தான் எடுப்பாள்.

“அக்கா, அது செத்து இருபதாயிரம் வருஷம் ஆச்சு. காது கேக்காது.”

“உன் பிரஷ்ல ஒண்ணாவது ஒட்டி வருதாடா?”

வரவில்லை. பனியுக அடுக்கின் சேறு முழுவதையும் சலித்ததில் கிடைத்தவை இரண்டே ஓடுகள். இன்னும் வேண்டுமென்றால் மறுபடி சேறு எடுக்கக் கப்பல் ஏற வேண்டும். எத்தனை முறை தொட்டும் முதல் ஓடு பிரஷில் ஒட்டாததால் எரிச்சலில் “ச்சே!” என்று பெருமூச்சு விட்டான். ஓட்டைக் காணோம்.

“பனியுகத்தையே ஊதிட்டியேடா” என்று சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போனாள்.

பிரிட்டோ கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். மிச்சமிருந்த ஓட்டின்மேல் பிரஷை மெல்ல இறக்கினான்.

“வாடா” என்றான், உதட்டுக்குள்ளேயே.

ஓடு அசையவில்லை. அவன் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி திரண்டு நின்றது.

“...தங்கம்.”