செவ்வாய்க்கிழமைக் கழுதை

"இன்னிக்கு அந்தக் கழுதையைப் பிடிக்காம ஊர் திரும்பப் போறதில்ல!" என்றாள் டோரீன்.

வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பினார். அறுபத்தைந்து வயதிருக்கும். காதை மூடின கம்பளித் தொப்பி.

"கழுதையா? மன்ஹாட்டன்லயா?"

"மனுஷக் கழுதை, சார். இந்த ஸ்டுடியோவுக்குள்ளதான் வருது."

கஸ் ரியர்டனின் நகைச்சுவை நிகழ்ச்சி டிவியில் வருவதென்னவோ ராத்திரி பதினொன்றரைக்கு. படம் பிடிப்பது அன்றைக்குச் சாயந்திரம் நாலரைக்கே. சீட்டுக் கிடைக்காதவர்கள் காலையிலிருந்து நடைபாதையில் நின்றால், காலி இடம் பார்த்து உள்ளே விடுவார்கள்.

டோரீன் பக்கத்து மாநிலத்து ஸ்க்ரான்டன் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பதினோரு வருஷ ரசிகை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"மத்த சேனல்ல என்ன பண்றானுங்க? ஒருத்தன் தன் ஜோக்குக்குத் தானே மேசையைத் தட்டிச் சிரிக்கிறான். இன்னொருத்தன் வந்த விருந்தாளியை வாயே திறக்க விடமாட்டான். நம்ம கஸ் அப்படியா? ஜோக் சொல்வார். ஜனம் சிரிச்சு ஓயும். அப்புறம் சும்மா நிப்பார், ரெண்டே நொடி. அங்க இருக்கு சார் வித்தை!"

"ஓஹோ."

"ஒரு வருஷமாத்தான் இப்படி நிக்கிறார். அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும். ரசிகர் குழுவுல இதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். ஆனா அந்த ரெண்டு நொடி அமைதியில, எவனோ ஒருத்தன் தனியா 'ஹீ... ஹாஆ'ன்னு கழுதையாட்டம் சிரிக்கிறான்!"

"வேணும்னே பண்றான்னு நினைக்கிறீங்களா?"

"பின்ன? எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் எவனாவது தெரியாத்தனமா சிரிப்பானா?"

"அது சரிதான்" என்றார் அவர். "வேணும்னேதான் பண்றான்."

"'கஸ்ஸுக்கு இப்பல்லாம் டைமிங் தப்புது, நிகழ்ச்சியை நிறுத்திடலாம்'னு பேப்பர்ல எழுதுறாங்க. தப்பறது கஸ்ஸா? இந்தக் கழுதை! ஆளை அடையாளம் காட்டி வெளியே தள்ள வெச்சாத்தான் எனக்குத் தூக்கம்."

அவர் கையிலிருந்த உப்புப் பிரெட்ஸல் ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினார். காலையிலிருந்து பட்டினி கிடந்தவள், வேண்டாமென்று சொல்லவில்லை.

"நான் எவரெட்" என்றார்.

"டோரீன். வீட்டம்மா வரலையா?"

"பெவ் காப்பகத்துல இருக்கா. மறதி நோய். போன வருஷம் ஒரு நாள் என்னையே, 'யார் சார் நீங்க, யாரைப் பாக்கணும்?'னு கேட்டுட்டா."

"ஐயோ!"

"மரியாதையாத்தான் கேட்டா" என்று சிரிக்கப் பார்த்தார். "ராத்திரி டிவி மட்டும் விடாம பாப்பா."

மூன்றரைக்குக் கதவு திறந்தது. இரண்டு பேருக்கும் நாலாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்து இடம்.

கஸ் வந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் ஆரம்பித்தார்.

"எங்க வீட்டு ஓனர் வாடகையை ஏத்திட்டார். எதுக்குய்யான்னேன். 'இப்ப உங்க வீட்ல இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் வருதில்ல?'ன்னார். வருது, இல்லேங்கல... கூரையிலேருந்து வருது!"

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. டோரீனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சிரிப்பு அடங்கியது. கஸ் அசையாமல் நின்றார். ஒன்று... இரண்டு...

"ஹீ... ஹாஆ!"

அவள் காதுக்குப் பக்கத்திலேயே!

டோரீன் திரும்பினாள். எவரெட் முகம் சிவந்துபோய் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா?!"

"மன்னிச்சுக்கோங்க மேடம். வரிசையிலயே சொல்லியிருக்கணும். வாய் வரல."

பிரெட்ஸல் கொடுத்த மனுஷன். அவளுக்கும் ஒரு கணம் நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் வந்த காரியம் வந்த காரியம்தான். கையை உயரத் தூக்கினாள். ஓரமாக நின்ற காவலாளியம்மா யோலாண்டா, விளம்பர இடைவேளையில் வருகிறேன் என்று சைகை காட்டினாள்.

அதற்குள் இன்னும் மூன்று ஜோக். இன்னும் மூன்று தடவை, "ஹீ... ஹாஆ!" டோரீன் தூக்கின கையை இறக்கவே இல்லை.

இடைவேளை விட்டார்கள். விளக்கு தணிந்தது. யோலாண்டா படியேறி வருவதற்குள் கஸ்ஸே மேடை விளிம்புக்கு வந்து, சட்டையில் குத்தியிருந்த மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நாலாவது வரிசையைப் பார்த்துக் குனிந்தார்.

"எவரெட், நான் விட்ட இடைவெளி போதுமா? உங்க சிரிப்பு தனியா விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சு, கஸ்."

"போன வாரம் பெவ்வுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சாம். டிவியைக் காட்டி, 'என் எவரெட் சிரிக்கிறான்'னு சொன்னாளாம். நர்ஸம்மா போன் பண்ணாங்க."

கஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மேசைக்குத் திரும்பினார்.

யோலாண்டா வந்து நின்றாள். "ரொம்ப நேரமா கையைத் தூக்கிட்டிருக்கீங்களே மேடம், யாரு தொந்தரவு பண்றது?"

டோரீனின் கை இன்னும் இறங்கவில்லை.

"தொந்தரவெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ரெண்டு நொடி பத்தாதுன்னு கஸ்கிட்ட சொல்லு. மூணு விடச் சொல்லு!"