துண்டு போட்ட நாற்காலி

விசையைப் பூட்டும் சேஃப்டியைப் போட்டுத் தரையில் கிடத்தியிருந்த துப்பாக்கி தானாக வெடித்து எஸ்தரின் கணவனுடைய கால் கட்டைவிரலைக் கொண்டுபோனது. சோளக்காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸோடு வாங்கிய துப்பாக்கி. கம்பெனிக்குப் போன் போட்டால் நன்றி சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பழுதுபார்க்கக் கொடுத்தால் அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். எஸ்தர் துப்பாக்கியோடு கம்பெனி ஆபீசுக்கே கிளம்பி வந்துவிட்டாள்.

டீயை உறிஞ்சிக்கொண்டே மேனேஜர் சொன்னார்: “துப்பாக்கியில ஒரு குறையும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் கைதான் விசையில பட்டிருக்கும். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“வேணும் சார். கொஞ்சம் எந்திரிங்க.”

எதற்கென்று புரியாமலே எழுந்தார். எஸ்தர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, சேஃப்டியை அவர் பார்க்கப் போட்டு, மேஜைமேல் வைத்தாள். குழல், பூப்போட்ட துண்டு விரித்த அவருடைய நாற்காலியைப் பார்த்து இருந்தது. பிறகு எதிரே உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“நான் தொட மாட்டேன். இப்ப உக்காருங்க.”

மேனேஜர் சுவரோரமாக நகர்ந்தார். “உள்ள தோட்டா இருக்கா?”

“குறையில்லாத துப்பாக்கிக்கு அந்தக் கேள்வி எதுக்கு சார்?”

பக்கத்து மேஜைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. மின்விசிறிக் காற்றில் துண்டின் ஓரம் ஆடியது. எஸ்தர் அவருடைய டீ கிளாஸைக் குழலுக்கு முன்னால், நாற்காலிப் பக்கமாக நகர்த்திவைத்தாள்.

“ஆறிப்போகுது சார். உக்காந்து குடிங்க.”